உடைந்தாலும் வழிவிடாத கண்ணாடி: வர்தா புயலில் ஒரு கொட்டிவாக்கம் அடுக்ககம்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை பிற்பகலில் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. மூன்று நாள் கழித்து, கொட்டிவாக்கத்தில் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவில் உள்ள ஓர் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கம், சேதத்தைப் பார்வையிட்டு ஆலோசனை சொல்லுமாறு என்னை அழைத்தது. தரைத்தளம் முழுக்க வாகன நிறுத்தம், அதற்கு மேல் நான்கு மாடிகள், மாடிக்கு நான்கு வீடுகள் என்று சென்னையில் எங்கும் காணக்கூடிய கட்டிடம்தான் அது. கிழக்கே கடலைப் பார்த்த வீடுகளின் கூடத்தில் பால்கனிக்குத் திறக்கும் பெரிய ஸ்லைடிங் கண்ணாடிக் கதவும், வடக்கிலும் தெற்கிலும் படுக்கையறைகளில் நான்கடிக்கு நான்கடி அளவுள்ள அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்களும் இருந்தன. எல்லாவற்றிலும் 5 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி.

மூன்றாம் மாடியின் வடகிழக்கு வீட்டில் கடல் பார்த்த கதவு முழுவதும் போயிருந்தது. கூடத்தின் ஃபால்ஸ் சீலிங் சரிந்து, அலமாரிகள் ஊறிப் புடைத்து, தண்ணீர் கீழ்வீட்டின் சுவர் வரை இறங்கியிருந்தது. சங்கச் செயலாளர் என்னிடம் கேட்ட கேள்வி நேரானது: கடல் பக்கத்துக் கதவுகளுக்கெல்லாம் 12 மில்லிமீட்டர் டஃபண்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி, போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது என்பதற்கான சான்று அந்த வளாகத்திலேயே கிடந்தது. அதைக் கவனித்துச் சொன்னவர் வாட்ச்மேன். “உள்ள ஒரு துண்டுகூட இல்லீங்க சார், எல்லாம் தோட்டத்துலதான் கெடந்துச்சு. நான்தான் பெருக்கி அள்ளினேன்.”

கண்ணாடி விழுந்த திசை

கடல் காற்று கதவை உள்நோக்கித் தள்ளி உடைத்திருந்தால் சில்லுகள் கூடத்தில் கிடந்திருக்க வேண்டும். அவை பால்கனியிலும் அதன் கீழே தோட்டத்திலும் கிடந்தன என்றால், கதவு உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. கதவின் அலுமினியச் சட்டமும் அதையே சொன்னது: நடுவில் இரண்டு பலகைகள் ஒன்றையொன்று கவ்வும் நிலைச்சட்டம் வெளிப்புறமாக வில் போல வளைந்து, கீழ்த் தடத்திலிருந்து கழன்றிருந்தது. கண்ணாடி உடைந்ததால் கதவு விழவில்லை. கதவு தடத்தை விட்டு விழுந்ததால்தான் கண்ணாடி உடைந்தது.

புயல் கடலிலிருந்து வருவதால் காற்றும் கடலிலிருந்தே அடிக்கும் என்று அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படித்த பொறியாளர்கள் பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நம் அரைக்கோளத்தில் புயலின் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், கிழக்கிலிருந்து நகர்ந்து வரும் புயலின் முன்பக்கத்தில் நிற்பவருக்கு முதலில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்துமே காற்று அடிக்கும். மையம் கடந்த பிறகு அது தென்மேற்குக்கும் தெற்குக்கும் திரும்பும். அன்று பிற்பகலில் நகரின் பல பகுதிகளில் காற்று சட்டென்று ஓய்ந்ததும், புயல் போய்விட்டது என்று மக்கள் தெருவில் இறங்கி விழுந்த மரங்களைப் படம் எடுத்ததும், சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அடித்ததும் சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆக, இந்தக் கட்டிடத்தின் கடல் பார்த்த முகம் பெரும்பாலான நேரம் காற்றுக்கு மறைவான முகமாகவே இருந்தது. மறைவான முகத்தில் காற்று தள்ளாது, உறிஞ்சும்.

அதே வீட்டின் வடக்குப் படுக்கையறைக்குள் போனபோது மீதிக் கதை கிடைத்தது. பக்கத்துக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போட்டிருந்த கொட்டகையின் கலர் ஷீட் ஒன்று பிய்ந்து பறந்து வந்து, ஜன்னலின் மேல்பாதியில் ஓரம் பட மோதியிருக்கிறது. கண்ணாடி உள்ளே கொட்டியிருந்தது. படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் பிய்ந்து கூடத்துப் பக்கம் தொங்கியது. அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் இரும்புக் கம்பி இருந்தது. திருடனுக்காகப் போட்ட கம்பி ஷீட்டை அறைக்குள் வராமல் தடுத்தது உண்மை, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் கண்ணாடியைக் காக்கவில்லை.

இந்த நிகழ்வை எழுதிவைக்கத் தகுந்ததாக்குவது மற்ற இரண்டு வீடுகள். இரண்டாம் மாடியில் நேர் கீழே இருந்த வீட்டில் அதே ஃபேப்ரிகேட்டர், அதாவது அலுமினியக் கதவு ஜன்னல் செய்து பொருத்துபவர், செய்த அதே அளவுக் கதவு, அதே காற்றில், கீறல்கூட இல்லாமல் நின்றது. அந்த வீட்டின் வடக்கு ஜன்னலில் எதுவும் மோதவில்லை. நான்காம் மாடி வீட்டிலோ வடக்கு ஜன்னல் உடைந்திருந்தது, ஆனால் படுக்கையறையின் கனமான மரக்கதவைச் சாத்திக் கீழும் மேலும் தாழிட்டிருந்தார்கள். அந்த ஓர் அறை நாசமானது, கூடத்தின் கதவு தப்பியது. இவ்வளவு தெளிவாகத் தன் காரணத்தைத் தானே பிரித்துக் காட்டும் சேதம் கள ஆய்வில் அபூர்வமாகவே அமைகிறது.

ஒரு ஜன்னல் போனால் மற்றொரு கதவு ஏன் போகிறது

காற்று ஒரு பரப்பின் மீது செலுத்தும் அழுத்தத்தை, விநாடிக்கு மீட்டரில் சொன்ன வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கி பாஸ்கல் அலகில் கணக்கிடுகிறோம். மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 33 மீட்டர். அப்போது அழுத்தம் ஏறத்தாழ 650 பாஸ்கல். இதை ஒவ்வொரு முகத்துக்கும் உரிய கெழுவால், அதாவது அந்த முகத்தில் இந்த அழுத்தத்தின் எவ்வளவு பங்கு விழுகிறது என்று சொல்லும் எண்ணால், பெருக்க வேண்டும். அதோடு கட்டிடத்தின் உள்ளே நிலவும் அழுத்தத்தையும் சேர்க்க வேண்டும், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் காற்றுச் சுமைக் குறியீடான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, சுவர்ப் பரப்பில் திறப்பு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் உள் அழுத்தக் கெழுவை 0.2 என்றும், 5 முதல் 20 விழுக்காடு வரை 0.5 என்றும், அதற்கு மேல் 0.7 என்றும் எடுக்கச் சொல்கிறது.

மறைவான முகத்தில் உறிஞ்சும் கெழுவை 0.3 என்று கொள்வோம். ஜன்னல்கள் மூடியிருக்கும்போது கதவை வெளியே தள்ளும் மொத்தக் கெழு 0.5, அதாவது சுமார் 325 பாஸ்கல். காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்துகொண்டதும் உள்ளே இருந்த 0.2 என்பது 0.7 ஆகிறது, மொத்தம் 1.0, அதாவது 650 பாஸ்கல். 5 சதுர மீட்டர் பரப்புள்ள அந்தக் கதவின் மீதான விசை ஏறத்தாழ 165 கிலோவிலிருந்து 330 கிலோவுக்கு ஒரே நொடியில் ஏறியிருக்கிறது. காற்றின் வேகம் கூடாமலே சுமை இரண்டு மடங்கானது.

புயல் நேரத்தில் அழுத்தம் சமமாவதற்காக ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. இந்தக் கணக்கு அந்த அறிவுரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டுகிறது. கண்ணாடியின் மேல் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவதும் அப்படியே: உடையும் கண்ணாடியை அது காப்பதில்லை, சில்லுகளைப் பெரிய கத்திகளாகச் சேர்த்து அனுப்புகிறது.

மயாமி கற்றுக்கொண்டது

1992 ஆகஸ்ட் 24 அன்று தெற்கு ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு அங்கே செய்த ஆய்வுகள் இதே வரிசையைத்தான் பெரிய அளவில் கண்டன. பறந்துவந்த கூரை ஓடுகளும் மரப்பலகைகளும் ஜன்னலை உடைக்க, உள்ளே நுழைந்த காற்று மரச்சட்டக் கூரையைக் கீழிருந்து தூக்கியது. அதன் விளைவாக மயாமி அடங்கிய டேட் கவுண்டி 1994 இல் தன் கட்டிட விதிகளை மாற்றி, ஜன்னல்களும் கதவுகளும் பறக்கும் பொருளின் மோதலைத் தாங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 1983 இல் ஹூஸ்டனைத் தாக்கிய அலிசியா புயலில், கூரைகளில் பரப்பியிருந்த கூழாங்கற்களே பறந்து உயரக் கட்டிடங்களின் கண்ணாடிகளை உடைத்திருந்தன. சோதனைகள் இரண்டு விதமாக இருப்பதன் பின்னணி இதுதான்.

தரையிலிருந்து 30 அடி உயரம் வரை பொருத்தும் ஜன்னலை நோக்கி, ஏறத்தாழ 4.1 கிலோ எடையுள்ள ஒரு மரச்சட்டத்தை விநாடிக்கு 15 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் காற்றுப் பீரங்கியால் எறிகிறார்கள். அதன் ஆற்றல் கிட்டத்தட்ட 475 ஜூல். அதற்கு மேலுள்ள உயரங்களுக்கு 2 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டுகளை விநாடிக்கு 40 மீட்டர் அளவில் எறிகிறார்கள். சோதனை இத்துடன் முடிவதில்லை. மோதலில் உடைந்த அதே ஜன்னலை, உடைந்தபடியே, உள்ளும் புறமுமாக 9,000 முறை அழுத்தச் சுழற்சிக்கு உட்படுத்துகிறார்கள். அதன் முடிவில் 5 அங்குலத்துக்கு மேல் நீளமான கிழிசலோ, 3 அங்குல விட்டமுள்ள பந்து நுழையக்கூடிய ஓட்டையோ இருக்கக் கூடாது.

மோதலைத் தாங்கும் கண்ணாடி என்ற பெயர் தவறான எதிர்பார்ப்பைத் தருகிறது. இந்தச் சோதனையில் கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டும் என்று எங்கும் விதிக்கப்படவில்லை. உடையலாம், பெரும்பாலும் உடையும். உடைந்த பிறகும் பல மணி நேரம் சுவராக நிற்க வேண்டும் என்பதே கேட்கப்படுவது. அதனால்தான் செயலாளர் கேட்ட 12 மில்லிமீட்டர் டஃபண்ட் விடையாகாது. அந்தக் கண்ணாடியைச் சுமார் 620 டிகிரிக்கு மேல் சூடாக்கித் திடீரென்று குளிர்விப்பதால் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை பெறுகிறது, மோதலையும் ஓரளவு தாங்குகிறது. ஆனால் உடையும் கணத்தில் அது கற்கண்டு போல உதிர்ந்து முழுத் திறப்பையும் காற்றுக்குக் கொடுத்துவிடும். மனிதரைக் காயத்திலிருந்து காக்க அது நல்ல கண்ணாடி, வீட்டை மூடிவைக்க அது உதவாது.

நம் நாட்டில் இந்தப் பாடத்துக்கு மயாமி வரை போக வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியபோது விமான நிலைய முனையத்தின் கூரையும் கண்ணாடியும் சிதைந்ததையும், கடற்கரைச் சாலையின் கண்ணாடி முகப்புகள் எலும்புக்கூடாக நின்றதையும் பார்த்தோம். அது நடந்து இரண்டே ஆண்டுகளில் வர்தா வந்தது.

ஆனால் ஃப்ளோரிடாவின் வாதத்தை அப்படியே சென்னைக்கு எடுத்துவருவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 125 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அது காற்றில் எழும்பாது. இங்கே ஜன்னல் திறந்துகொண்டால் கூரை போகாது. ஆனால் மழை உள்ளே வரும், மின்சாரப் பெட்டிகள் நனையும், உள்ளே இருப்பவர்மேல் சில்லுகள் விழும், மறைவான முகத்தின் கதவுகள் பிடுங்கிக்கொண்டு மாடியிலிருந்து தெருவில் விழும். தகரக் கூரை போட்ட தொழிற்கூடங்களுக்கும் பள்ளிக் கொட்டகைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் மட்டுமே ஃப்ளோரிடாவின் கணக்கு முழுமையாகப் பொருந்தும்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு தோல்

அடுக்குக் கண்ணாடியில், அதாவது கடைகளில் லேமினேட்டட் என்று சொல்வதில், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரல் என்ற நெகிழிப் படலத்தை வைத்து, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலத்தில் சுமார் 140 டிகிரி வெப்பத்திலும் 12 பார் அளவிலான அழுத்தத்திலும் ஒன்றாக்குகிறார்கள். நம் கார்களின் முன்கண்ணாடி இந்த வகைதான். படலம் 0.38 மில்லிமீட்டரின் மடங்குகளில் வருகிறது. காருக்கு 0.76 போதும், மரச்சட்டச் சோதனைக்கு வழக்கமாக 2.28 வைக்கிறார்கள். மோதும்போது கண்ணாடி விரிசலிட்டு ஆற்றலின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ள, மீதியைப் படலம் இழுபட்டு வாங்குகிறது. சில்லுகள் படலத்தை விட்டு விலகுவதில்லை. இதைவிடப் பல மடங்கு விறைப்பான அயனோபிளாஸ்ட் படலமும் உண்டு, விலையும் அதற்கேற்ப உண்டு.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். ஃபேப்ரிகேட்டர்கள் “இரண்டுமே டஃபண்ட் போட்டுவிடலாம், டபுள் ஸ்ட்ராங்” என்பார்கள். இரண்டு தகடும் டஃபண்ட் ஆக இருந்து இரண்டும் உடைந்தால், சிறு துகள்களைச் சுமந்த படலம் ஈரத்துணி போலத் தொய்ந்து சட்டத்திலிருந்து நழுவப் பார்க்கும். சாதாரணக் கண்ணாடியோ, ஹீட் ஸ்ட்ரெங்தன்ட் எனப்படும் பாதி கடினமாக்கிய கண்ணாடியோ பெரிய துண்டுகளாக உடைவதால், அத்துண்டுகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கும். பின்னதையே நான் பரிந்துரைத்தேன்.

அந்தத் துண்டுகளை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. படலம் எவ்வளவு உறுதியானாலும், கண்ணாடியின் ஓரம் சட்டத்துக்குள் எட்டு மில்லிமீட்டர் மட்டுமே நுழைந்து ஒரு ரப்பர் பீடிங்கால் நின்றிருந்தால், வளைந்த கண்ணாடி முழுத் தகடாகவே கழன்று வந்துவிடும். ஓரம் ஆழமாக உட்கார வேண்டும், சிலிகானால் சட்டத்தோடு ஒட்ட வேண்டும், சட்டம் சுவரோடு போதிய போல்ட்களால் இறுக வேண்டும், சுவரின் அந்த விளிம்பு வெறும் பூச்சாக இல்லாமல் கான்கிரீட்டாகவோ நல்ல செங்கல்லாகவோ இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் கண்ணாடி பெரும்பாலும் பலவீனமான கண்ணியே அல்ல. எடையும் இருக்கிறது: ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. பழைய 5 மில்லிமீட்டர் கண்ணாடி 12.5 கிலோ, 6 மில்லிமீட்டர் தகடு இரண்டும் படலமும் சேர்ந்தால் 32 கிலோவைத் தாண்டும். பழைய உருளைகளும் தடமும் இதைச் சுமக்கா.

தேர்வும் சமரசமும்

சங்கக் கூட்டம் ஜனவரியில் நடந்தது. அதுவரை உடைந்த இடங்களில் பாலிதீன் விரிப்புதான் தொங்கியது. நவம்பரில் பழைய ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆனதால் கையில் பணமில்லை, கண்ணாடிக் கடைக்காரர்களோ ரொக்கம் கேட்டார்கள். நான் முன்வைத்தது முழுக் கட்டிடத்துக்கும் ஒரே தீர்வு அல்ல. கட்டிடத்தை வடிவமைக்க எடுக்க வேண்டிய சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் குறியீட்டின்படி விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் வரும் 1,500 பாஸ்கலுக்கு அருகிலும் வர்தா போகவில்லை என்பதை முதலில் விளக்கினேன். புயலுக்குப் பின் இயங்கியே தீரவேண்டிய மருத்துவமனை போன்ற கட்டிடங்களுக்கு அந்த வேகத்தையே 1.30 ஆல் பெருக்கச் சொல்கிறது குறியீடு. குடியிருப்புகளுக்கு அந்தப் பெருக்கம் தேவையில்லை. ஆனால் அந்தக் குறியீடு பேசுவது அழுத்தத்தைப் பற்றியே. பறந்துவரும் கலர் ஷீட்டுக்கென்று ஜன்னல் சோதனை எதையும் அது விதிப்பதில்லை.

இதனால் ஃபேப்ரிகேட்டர்கள் கொடுத்த விலைப்பட்டியல்களில் “புயல் கண்ணாடி” என்ற சொல் தாராளமாக இருந்தது, முழு ஜன்னலுக்கான மோதல் சோதனைச் சான்று ஒன்றிலும் இல்லை. கொடுக்கப்பட்ட சான்றுகள் கண்ணாடித் தகடு பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐஎஸ் 2553 தரத்துக்கு உட்பட்டது என்பதோடு நின்றன. தகடு சோதனையில் தேறுவது வேறு, சட்டமும் சிலிகானும் போல்ட்டும் சேர்ந்த ஜன்னல் தேறுவது வேறு. ஆகவே சான்றுக்குப் பதிலாக வரைபடம் கேட்டோம்: ஓரம் எவ்வளவு ஆழம், போல்ட் எத்தனை சென்டிமீட்டருக்கு ஒன்று, எந்தச் சிலிகான். கடைசிக் கேள்வியில் இருவர் விலகிக்கொண்டார்கள். வினிகர் வாடை வீசும் மலிவான சிலிகான் பாலிவினைல் பியூட்டிரல் படலத்தின் ஓரத்தைக் கெடுக்கும் என்பதால் நியூட்ரல் வகை மட்டுமே ஏற்போம் என்றதை அவர்கள் வீண் பிடிவாதமாகக் கருதினார்கள்.

முடிவில் மேல் இரண்டு மாடிகளின் வடக்கு, தெற்கு ஜன்னல்களும் கிழக்குக் கதவுகளும் சட்டத்தோடு சேர்த்து மாற்றப்பட்டன. கதவின் இரண்டு பலகைகளில் ஒன்று நிலையானதாக ஆக்கப்பட்டது. தீ விபத்தில் அடுக்குக் கண்ணாடியை உதைத்து உடைத்து வெளியேற முடியாது என்பதால், ஒவ்வோர் அறையிலும் உள்ளிருந்து எளிதாகத் திறக்கும் ஒரு ஜன்னலாவது இருக்க வேண்டும் என்றும், அந்த ஜன்னலின் கம்பி திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினேன். கீழ் இரண்டு மாடிக்காரர்கள் செலவைக் கண்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே இருந்த கெட்டியான மரக்கதவுகள் இந்தப் பணியை எந்தப் படலமும் இல்லாமல் செய்துவந்தன. அதைச் சொன்னபோது கூட்டத்தில் சிரித்தார்கள், ஆனால் முதல் மாடியில் ஒருவர் செய்து மாட்டினார்.

எறிபொருளையே குறைப்பது எல்லாவற்றையும்விட மலிவானது. மழைக்காலத்துக்கு முன் மொட்டை மாடியைக் காலி செய்வது, தண்ணீர்த் தொட்டி மூடிகளைக் கட்டிவைப்பது, ஷீட்டுகளைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட்களைச் சரிபார்ப்பது என்ற மூன்றையும் சங்கம் விதியாக்கியது. பக்கத்துக் கட்டிடத்தாரிடம் பேசுவது மட்டும் ஓராண்டு இழுத்தது.

அதற்குப் பின்

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது அந்தக் கட்டிடத்தில் எதுவும் உடையவில்லை. புதிய கண்ணாடிதான் காத்தது என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பாராட்டு வந்தது. அதை நான் ஏற்கவில்லை. காற்று வர்தாவைவிட வலுக்குறைந்தது, எந்த ஷீட்டும் பறந்து வரவில்லை, மாற்றாத கீழ்மாடி ஜன்னல்களும் நின்றன. சோதனையே நடக்காத தேர்வில் வெற்றி என்று எழுத முடியாது. அந்தக் கண்ணாடிகள் இன்னும் ஒரு மரக்கிளையைக்கூடச் சந்திக்கவில்லை.

பராமரிப்பு வேறு விஷயம். அடுத்த கோடையில் சுற்றிப் பார்த்தபோது நான்காம் மாடியின் ஒரு கதவில் கீழ் ஓரம் நெடுக விரலளவு அகலத்தில் பால் போல வெண்மை படர்ந்திருந்தது. படலத்தின் ஓரத்தில் ஈரம் ஏறி, ஒட்டு விடத் தொடங்கும்போது தோன்றும் நிறம் அது. சட்டத்தின் அடிப்பகுதியில் மழைநீர் வெளியேற விட்டிருந்த வடிகால் துளைகள் நான்கும், வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது அடைபட்டுப் போயிருந்தன. அன்றே வாட்ச்மேன் ஒரு கம்பியை வளைத்துக் குத்தித் திறந்தார். கலங்கிய தண்ணீர் கால் மணி நேரம் சொட்டிக்கொண்டிருந்தது.